இலையில் ஓட்டை விழாத தோட்டம்

தெருக்கோடியில் புது வீடு கட்டிக் குடிவந்தவர் ஒருநாள் காலையில் வாசலில் நின்று, "உங்க வீட்டுக்கு மட்டும் எப்படி சார் இவ்வளவு பட்டாம்பூச்சி வருது, என்ன பூச்செடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பூச்செடி இல்லை சார், கறிவேப்பிலை என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டு முன்புறம் என்னுடையதைவிட நூறு மடங்கு அழகு: கொரியன் புல், இரண்டு ஃபாக்ஸ்டெயில் பாம், மஞ்சள் டுராண்டா வேலி, நடுவில் வெள்ளைக் கூழாங்கல், சுவரோரம் காகிதப்பூ. எல்லாம் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்தது, ஒரு இலையிலும் ஒரு கடி கிடையாது. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நகரத்தில் சின்ன இடத்தில் தோட்டம் போடுகிறவர்களிடம் இப்போது ஒரு நல்ல ஆசை வந்திருக்கிறது. பறவை வரவேண்டும், பட்டாம்பூச்சி வரவேண்டும், தேனீ வரவேண்டும். ஆனால் நர்சரிக்குப் போனதும் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் "பூச்சி அரிக்காத செடியாக் கொடுங்க". இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்று யாரும் சொல்வதில்லை. நர்சரிக்காரரும் சொல்லமாட்டார், அவருக்கு வியாபாரம் நடக்கவேண்டும்.

விஷயம் இதுதான். தேன் குடிக்கப் பட்டாம்பூச்சி அநேகமாக எந்தப் பூவுக்கும் போகும், அதில் அதற்குப் பெரிய பிடிவாதம் இல்லை. முட்டை இடுவதில்தான் பிடிவாதம். ஒவ்வொரு செடியும் தன்னைத் தின்னவிடாமல் இலையில் ஏதோ ஒரு ரசாயனத்தை வைத்திருக்கிறது, கசப்போ பாலோ நெடியோ. அந்தக் குறிப்பிட்ட ரசாயனத்தைச் சமாளிக்கத் தெரிந்த புழுதான் அந்தச் செடியைத் தின்னமுடியும். எருக்கம்பாலைச் சமாளிக்கிற புழுவைக் கறிவேப்பிலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். அதனால் தாய்ப் பூச்சி செடி செடியாகப் போய் முன்னங்கால்களால் இலையைத் தட்டி ருசி பார்க்கிறது. ஆமாம், காலால்தான். சரியான இலை என்று தெரிந்தால் முட்டை, இல்லையென்றால் அடுத்த வீடு. தெருக்கோடி வீட்டு டுராண்டாவில் தேன் குடிக்க வந்த பூச்சியும் முட்டையிட இடம் தேடி வேறெங்கோ போய்விடும்.

எங்கள் கறிவேப்பிலையில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். கருப்புப் பட்டாம்பூச்சி ஒன்று, பின் இறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு, செடியைச் சுற்றிச் சுற்றிப் படபடக்கும்; உட்காரவே உட்காராது; தளிர் நுனியில் ஒரு கணம் வயிற்றை வளைத்துத் தொட்டுவிட்டுப் போய்விடும். போய்ப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் முட்டை ஒன்று. மூன்று நான்கு நாளில் பொரிந்து வருகிற புழு அசல் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும், பழுப்பும் வெள்ளையும் கலந்து, ஈரப் பளபளப்போடு. எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? நான்கு முறை சட்டை உரிக்கும்வரை இதே வேஷம். கடைசிக் கட்டத்தில் உடம்பு பெரிதாகிவிடுவதால் அந்தப் பொய் எடுபடாது, அப்போது இலைப் பச்சைக்கு மாறிவிடும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டும், அழுகிய எலுமிச்சை போல ஒரு நெடி அடிக்கும். இது கறிவேப்பிலை அழகி. எலுமிச்சை, நார்த்தை, வில்வத்தில் எலுமிச்சை அழகியின் புழுவும் ஏறக்குறைய இதே நாடகத்தைத்தான் ஆடும். இரண்டு வாரத்தில் ஒரு சின்னச் செடியை ஈர்க்குக் குச்சியாக்கிவிடும் என்பதும் உண்மை. அம்மா மூன்று மாதம் என்னோடு இதற்காகச் சண்டை போட்டார். இப்போது ஏற்பாடு என்னவென்றால் மூன்று கறிவேப்பிலை, அதில் ஒன்றுக்குக் கொசுவலை, வலைக்குள் இருப்பது சமையலுக்கு.

புழு வேண்டும் என்பது பட்டாம்பூச்சிக்காக மட்டும் இல்லை. சிட்டுக்குருவிக்கு அரிசியும் கம்பும் வைக்கிறோம், தப்பில்லை, ஆனால் தானியம் தின்கிற குருவியும் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியும் புழுவும்தான். தேன்சிட்டு தேன் குடித்தே வாழ்கிறது என்று நினைக்கிறோம், அதுவும் குஞ்சு பொரித்துவிட்டால் சிலந்தி பிடிக்க அலையும். எங்கள் வீட்டு நந்தியாவட்டையில் தையல்சிட்டு ஒன்று காலை ஏழு மணிக்கு வந்து கீழிருந்து மேல் ஒவ்வொரு இலையின் அடிப்புறத்தையும் சோதனை போடுவது தினசரிக் காட்சி. முட்டையிலிருந்து வந்த புழுவெல்லாம் பட்டாம்பூச்சி ஆகாது. பெரும்பகுதி இப்படித்தான் போகும், அதுதான் கணக்கு.

இனி ஈஸ்வரமூலிக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கொடி. பார்க்க ஒன்றுமே இருக்காது, கம்பி வலையில் ஏறுகிற மெலிந்த கொடி, குழல் மாதிரி ஒரு விநோதப் பூ. கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் என்கிற இரண்டு பட்டாம்பூச்சிகளுக்கும் புழுப்பருவச் சாப்பாடு இதுவும் இதன் பங்காளியான ஆடுதின்னாப்பாளையும்தான். ஆடே தின்னாது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், அவ்வளவு விஷம். அந்த விஷத்தைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் வளர்ந்த பட்டாம்பூச்சி கருப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாக அவசரமே இல்லாமல் மிதந்து போகும், பறவைகள் தொடாது. இப்போது மேலே சொன்ன கறிவேப்பிலை அழகியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விஷமே கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்க, இன்னொரு வகை காமன் ரோஸ் மாதிரியும் மற்றொரு வகை கிரிம்சன் ரோஸ் மாதிரியும் இறக்கையில் சிவப்புப் போட்டுக்கொண்டு திரிகின்றன. உடம்பைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும், ரோஸுக்கு உடம்பு சிவப்பு, இதற்குக் கருப்பு. இந்த வேஷத்தை ஆட்டிவைப்பது டபுள்செக்ஸ் என்கிற ஒரே மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டேவும் சக ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். பறவைகளுக்கு அசல் ரோஸைக் கடித்துக் காறித் துப்பிய அனுபவம் இருந்தால்தான் இந்த வேஷம் செல்லும். ஆகவே கறிவேப்பிலையையும் ஈஸ்வரமூலியையும் பத்தடி தூரத்தில் வைத்தால் அசலும் போலியும் ஒரே வாசலில் சுற்றும். ஒரு எச்சரிக்கை: நாட்டு மருந்து என்று யாராவது சொன்னால் இந்தக் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். இதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும்.

மற்ற ஜோடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எருக்குக்கு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி, அதன் பூவுக்குக் கரேலென்று ரீங்காரமிட்டு வருகிற தச்சுத் தேனீ. சரக்கொன்றை, தகரை, ஆவாரை என்றால் எமிக்ரண்ட் வகை வெளிர்மஞ்சள் பூச்சிகள். சுவரோரம் வரிசையாக நிற்கிற நெட்டிலிங்கத்தை வெறும் பச்சைச் சுவர் என்று நினைத்திருந்தேன், பச்சைப் புள்ளியோடு நிலைகொள்ளாமல் பறக்கிற டெயில்டு ஜே அதில்தான் முட்டையிடுகிறது. அரளியில் காமன் க்ரோ பட்டாம்பூச்சி, அதன் கூட்டுப்புழு வெள்ளிக் குண்டலம் தொங்குகிற மாதிரி தகதகவென்று மின்னும், முதல்முறை பார்த்தபோது யாரோ காதுத் தோட்டை மாட்டிவைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். நந்தியாவட்டையில் இரவுப் பூச்சி ஒன்றின் புழு, விரல் தடிமன், தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் வரைந்திருக்கும், மனைவி அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். மாமரத்தில் புல்லுருவி ஏறினால் உடனே வெட்டச் சொல்வார்கள். பூக்கொத்திக் குருவி அதன் பழத்துக்கும் ஜெசபெல் பட்டாம்பூச்சி அதன் இலைக்கும் வருகின்றன என்பதால் ஒரே ஒரு கொத்தை நான் விட்டுவைத்திருக்கிறேன்.

அப்படியானால் நாட்டுச்செடி மட்டும்தான் நடவேண்டுமா? நான் அவ்வளவு கறார் இல்லை. புல்தரையில் தானாக முளைக்கிற மூக்குத்திப்பூ மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆனாலும் சின்னப் பட்டாம்பூச்சிகள் அதில்தான் மொய்க்கின்றன. செடியின் பாஸ்போர்ட்டைவிட அதை யார் தின்கிறார்கள், யார் குடிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள் என்பதே என் கட்சி. ஆனால் மரம் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையேறியபோது குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என்று வெளியிலிருந்து வந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். இந்தக் கடற்கரைக்கே உரிய காடு வேறு மாதிரி, உயரம் குறைவாக, நெருக்கமாக, சிறு தடித்த இலையோடு, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு. காசான், வீரை, குருந்து, காரை, களா, உலக்கைப்பாலை என்று அதன் மரங்களும் புதர்களும் காற்றுக்கும் உப்புக்கும் நீண்ட வறட்சிக்கும் பழகியவை. கிண்டி தேசியப் பூங்காவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கிழக்குக் கடற்கரை ஊர்களின் கோயில்காடுகளில் கொஞ்சம். அடையாற்றில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவை இப்படிப்பட்ட செடிகளை வைத்துத்தான் மீட்டார்கள், அதற்கு முன் அது குப்பை கொட்டுகிற இடம். அந்தக் காட்டின் உயரமும் நெருக்கமும் வீட்டுத் தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது, ஆனால் நாம் நடுவதென்னவோ பாம் மரம்.

இப்போது வடிவமைப்பு. நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதை ஒன்றைப் பூங்காவாக்கி, அதன் முதல் பகுதியை 2009இல் திறந்தார்கள், ஹை லைன் என்று பெயர். அதற்குச் செடி அமைப்பு செய்தவர் நெதர்லாந்துக்காரரான பீட் அவுடால்ஃப். ரயில் ஓடாத காலத்தில் தண்டவாளத்துக்கு நடுவே தானாக முளைத்துக் கிடந்த புல்லும் செடியும்தான் அந்தத் தோட்டத்துக்கு முன்மாதிரி. பூ வாடியதும் வெட்டுவதில்லை, காய்ந்த தண்டையும் விதையையும் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவைக்கிறார்கள். அங்கே குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே ஏப்ரல், மே வெயில் செய்கிறது, அதனால் அவர்கள் செடிப் பட்டியல் நமக்கு ஒரு பைசாவுக்கு உதவாது. ஆனால் யோசனை உதவும். நம் ஊரில் அந்தத் தண்டவாளத்துக்குச் சமம் எது? காலி மனைதான். எருக்கு, ஆமணக்கு, தும்பை, தகரை, நாயுருவி, வேலியில் கோவைக்கொடி. யாரும் தண்ணீர் ஊற்றாமல் வருடம் பூராவும் தாக்குப்பிடிக்கிற செடிகள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குடியிருக்கும்.

சரி, காலி மனையை வாசலில் கொண்டுவந்து வைத்தால் வீட்டில் சோறு கிடைக்குமா? கிடைக்காது. இதற்கு ஜோன் நஸ்ஸாயர் என்ற அமெரிக்க நிலவடிவமைப்பு ஆய்வாளர் 1995லேயே விடை சொல்லியிருக்கிறார். உள்ளே எவ்வளவு காடாக இருந்தாலும் ஓரம் ஒழுங்காக இருந்தால் பார்க்கிறவர்கள் அதைப் புதர் என்று நினைக்கமாட்டார்கள், யாரோ கவனித்துப் பராமரிக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நான் செய்தது அதுதான். செங்கலைக் குத்துவாட்டில் நட்டு நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் ஓரம் கட்டினேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, தெருவில் என் மரியாதையும் மீண்டது.

அரை கிரவுண்டு மனையில் எனக்கு மிஞ்சியது முன்புறம் பன்னிரண்டுக்குப் பத்தடி, பக்கவாட்டில் மூன்றடி அகலத்தில் முப்பதடிச் சந்து. முன்புறம் வெயில் நன்றாக விழுகிற மூலையில் எலுமிச்சை ஒன்று, அதுதான் மரம். அதற்கு முன்னால் கறிவேப்பிலை முக்கோணமாக மூன்று. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு செடி என்று இருபது வகை வாங்கி நடுவது எல்லோரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன், பார்க்க நர்சரி மாதிரி இருக்கும், தோட்டம் மாதிரி இருக்காது. வகையைக் குறைத்து ஒரே செடியை மூன்றாக, ஐந்தாகச் சேர்த்து வைத்தால் கண்ணுக்கும் அடக்கமாக இருக்கும், பறந்துபோகிற பூச்சிக்கும் சட்டென்று தென்படும், புழு ஒரு செடியை மொட்டையாக்கினாலும் மற்றது மறைத்துக்கொள்ளும். இந்தக் கடைசிக் காரணம் முக்கியம், மொட்டைச் செடியை முதல் வரிசையில் வைக்கவே கூடாது. முதல் வரிசைக்குப் பழைய சிவப்பு வெட்சி ஐந்து, நடுநடுவே துளசி. துளசிப் பூவை வாடவாடக் கிள்ளாமல் விட்டால், வயிற்றில் நீல வரி போட்ட குட்டித் தேனீ ஒன்று வரும். கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் உடம்பை அதிரவைத்து உலுக்கி மகரந்தம் எடுக்கிற வித்தை தெரிந்தது அது. சாதாரணத் தேனீக்கு அது வராது. மாடியில் கத்தரி வைத்திருக்கிறவர்கள் துளசிக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

சந்தில் நந்தியாவட்டை இரண்டு, மதில்மேல் நைலான் கயிறு கட்டி ஈஸ்வரமூலி. பிள்ளைகள் விளையாடாத காய்ந்த கோடியில் எருக்கு ஒன்று, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. செம்பருத்தி வைத்தால் ஒற்றை இதழ் வையுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள் எல்லாம் இதழாக மாறியிருக்கும், தேன்சிட்டுக்கு அதில் மூக்கு நுழைய வழியில்லை. நந்தியாவட்டைக்கு இந்தக் கவலை வேண்டாம், அடுக்காக இருந்தாலும் புழு தின்பது இலையைத்தானே.

தரை முழுக்க டைல்ஸ் போடாதீர்கள், மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமான ஊரில் இதைத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. தேனீ வகைகளில் பாதிக்கு மேல் கூட்டமாக வாழாதவை, அவற்றில் பல மண்ணில் துளை போட்டு முட்டையிடுபவை. ஒரு சதுர அடி வெற்று மண் போதும் அவற்றுக்கு. வீடு கட்டிய மிச்சமாக ஜல்லியும் சிமென்ட்டும் கலந்த மண்தான் எங்களுக்கும் கிடைத்தது. ஒன்றரை அடி தோண்டி எடுத்துவிட்டு, பாதி மண்ணும் பாதி தொழு உரமும் போட்டு நிரப்பினோம். இந்தக் காட்டுச் செடிகளுக்கு அதற்குமேல் உரம் வேண்டியதில்லை. நடுவதற்கு நல்ல காலம் செப்டம்பர். சென்னைக்கு வருடத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டிவிடும். மழைக்கு முன் வேர் பிடித்த செடி அடுத்த மே மாதத்தைத் தாண்டிவிடும். பொங்கலுக்குப் பிறகு ஆசைப்பட்டு நட்டால் தினம் இரண்டு வேளை வாளி தூக்கவேண்டியதுதான்.

தண்ணீர் வைப்பதற்கு மண் தட்டு, இரண்டு விரல்கடை ஆழம், நடுவில் ஒரு கல். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும், ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்து நிரப்பினால் பயமில்லை, ஆனால் ஊருக்குப் போகும்போது கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். சருகைக் கூட்டி எரிக்காமல் செடி அடியிலேயே விடலாம், அரணையும் தவிட்டுக்குருவியும் அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். பாம்பு வருமே என்பார்கள். நியாயமான கேள்வி. எலியும் ஒளிய இடமும் இருந்தால்தான் பாம்பு. செங்கல் அடுக்கு, பழைய ஓடு, உடைந்த தொட்டி இவற்றைச் சுவரோரம் குவிக்காதீர்கள், வீட்டுச் சுவருக்கும் முதல் செடிக்கும் நடுவே இரண்டடி நடைபாதை விடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். தோட்டத்து விளக்கு வேண்டவே வேண்டாம். இரவில் பவளமல்லிக்கு வருகிற பருந்து அந்துப்பூச்சியைச் சீரியல் பல்பு திசை திருப்பிவிடும்.

மருந்து பற்றி ஒரே வார்த்தை: அடிக்காதீர்கள். இயற்கை என்ற பெயரில் விற்கிற வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் நல்ல புழு கெட்ட புழு தெரியாது. ஒருமுறை வந்த தோட்டக்காரர் நான் இல்லாத நேரத்தில் அன்பாக எல்லாச் செடிக்கும் அடித்துவிட்டுப் போனார், அந்தப் பருவம் அதோடு முடிந்தது. மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெரிய தொட்டியில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இரண்டு, கிரில்லில் ஈஸ்வரமூலி, ஒரு துளசி என்று ஆரம்பிக்கலாம். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடிவரை கறிவேப்பிலை அழகி ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

செடி எங்கே கிடைக்கும் என்பதுதான் கடைசித் தொல்லை. ஈஸ்வரமூலி கேட்டால் பெரிய நர்சரிகளில் முழிப்பார்கள், மூலிகைச் செடி விற்கிறவர்களிடம் கேளுங்கள். குருந்து, காசான், வீரை எல்லாம் கடையில் தேடினால் கிடைப்பது கஷ்டம், ஆரோவில் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவைத்தால் கன்று வாங்கிவருவார்கள். எருக்கைக் கேட்டால் சிரிப்பார்கள். அதற்குக் கடைக்கே போகவேண்டியதில்லை, மார்ச் மாதம் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது பக்கத்துக் காலி மனை வேலியோரம் ஒரு கைக்குட்டையோடு போனால் போதும். எங்கள் தெருவில் அந்த மனைக்கு இப்போது தகரம் அடித்துவிட்டார்கள், கீழே வாகன நிறுத்தம், மேலே நான்கு வீடு. போர் போட வண்டி வருவதற்கு முந்தின நாள் நானும் பையனும் போய்த் தும்பை விதை ஒரு கவர், கோவைக்கிழங்கு இரண்டு, ஒரு எருக்கங்கன்று எடுத்துவந்தோம். கன்றின் இலையடியில் கருப்பு மஞ்சள் வரி போட்ட புழு ஒன்று, எதுவுமே நடக்காத மாதிரி தின்றுகொண்டே வந்தது.